நான் சொல்லவில்லை, ஜீப் சொல்லிவிட்டது

அந்த வீட்டுக்கு நான் போனது மொத்தம் மூன்று முறை. மூன்றாவது முறை போய்வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அந்த அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டைக் காலி செய்துவிட்டு மலைப்பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் சமூகப் பணியாளர். அந்த அக்கா ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர். மருந்தைத் தவறாமல் எடுக்கிறாரா, சாப்பாட்டுக்கு என்ன வழி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று பார்த்துக்கொள்வது என் வேலை. அவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை நான் ஒரு ஆளிடமும் சொன்னதில்லை. ஃபைலைப் பூட்டி வைத்தேன், குறிப்பில் பெயருக்குப் பதில் எண்தான் எழுதினேன், வீட்டில் என் கணவரிடம்கூட வாய் திறக்கவில்லை. ஆனால் நாங்கள் போன ஜீப்பின் இரண்டு பக்கமும் திட்டத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, பக்கத்தில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுச் சின்னமான சிவப்பு ரிப்பன் படம். கடற்கரை ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டித்தான் இருக்கும், ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். அந்த மாதிரி ஒரு சந்தின் வாசலில் அந்த ஜீப் முக்கால் மணி நேரம் நின்றது, மூன்று முறை, ஒரே வீட்டுக்கு முன்னால்.

போன் செய்தபோது அவர் என்னைத் திட்டவில்லை. என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "டீச்சர், நீங்க யார்ட்டயும் சொல்லல்லன்னு எனக்குத் தெரியும். வண்டி சொல்லிட்டு" என்றார்.

2017-ல் எச்.ஐ.வி. சட்டம் வந்தது, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்பதை அவருடைய தெளிவான சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. பயிற்சி வகுப்பில் அதைப் படித்துக்காட்டினார்கள், நானும் குறித்துக்கொண்டேன். எங்கள் வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்று யாரும் பேசவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இங்கே வருகிற வயது, ஊர், உறவு, பிள்ளைகள் எத்தனை என்பதையெல்லாம் மாற்றியிருக்கிறேன். பெயரை மட்டும் மாற்றினால் இங்கே போதாது. எங்கள் மாவட்டம் சின்னது, 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 18.7 லட்சம் பேர், சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கும் மேல். "கருங்கல் பக்கம் ஒரு வீட்டில்" என்று ஆரம்பித்தால் போதும், கேட்கிறவர் "யாரு வீடு? ரோட்டுக்கு மேலயா கீழயா? பையன் கல்ஃப்ல இருக்கானே அவங்களா?" என்று மூன்றாவது கேள்வியில் ஆளைப் பிடித்துவிடுவார். பெரிய நகரத்தில் வேலை செய்கிற சமூகப் பணியாளருக்கு ரகசியம் காப்பது என்றால் வாயை மூடிக்கொள்வது. இங்கே நம் செருப்பு எந்த வாசலில் கிடக்கிறது என்பதையும் ஊர் பார்க்கும்.

அந்த அக்கா போன பிறகு நான் மாற்றிக்கொண்டது இதெல்லாம். வண்டியை ஜங்ஷனில் விட்டுவிட்டு நடப்பேன், அல்லது பஸ்ஸில்தான் போவேன். அடையாள அட்டை பைக்குள்ளே இருக்கும், கேட்டால் எடுத்துக்காட்டுவேன், கழுத்தில் தொங்காது. ஒரு சந்துக்குப் போனால் அங்கே சும்மா விசாரிக்க இரண்டு மூன்று வீட்டுக்காவது போய்வருவேன். போன் செய்தால் எடுத்தது யார் என்று தெரிகிற வரை எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்ல மாட்டேன். முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவேன்: நான் வீட்டுக்கு வரவா, நீங்கள் எங்காவது வருகிறீர்களா, எந்த நேரம் தோதுப்படும், பக்கத்து வீட்டார் கேட்டால் என்ன சொல்லலாம்?

இந்தக் கடைசிக் கேள்வியில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு அம்மா "எல்.ஐ.சி. ஆளுன்னு சொல்லிருங்க டீச்சர்" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை, அவருக்காகத்தான் என்றாலும் நான் பொய் சொல்லி ஒரு ஊருக்குள் நுழைந்தால் நாளைக்கு உண்மையைச் சொல்லும்போது யார் நம்புவார்கள்? அப்புறம் யோசித்து, நாங்கள் நடத்திக்கொண்டிருந்த தையல் வகுப்பில் அவரைச் சேர்த்துவிட்டோம், அவருக்கும் தைக்கக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தது. "தையல் கிளாஸ் டீச்சர் வந்திருக்காங்க" என்பது அதற்குப் பிறகு உண்மையான பேச்சு ஆகிவிட்டது.

நேரம் பார்த்துப் போவதும் இதோடு சேர்ந்ததுதான். ரப்பர் பக்கம் விடியும் முன்பே பால் வெட்டப் போய்விடுவார்கள், காலை எட்டு மணிக்குப் போய் நின்றால் அவர்கள் வேலையும் கெடும், பேச்சும் நடக்காது. எங்கள் மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதம் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். கணவன் அடிக்கிறார் என்று மே மாதம் மனம் விட்டுப் பேசிய ஒரு பெண்ணைப் பார்க்க ஜூனில் அதே பழக்கத்தில் அதே திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அவள் என்னைத் தெரியாத மாதிரி பார்த்தாள். "என்ன விஷயமா வந்திய?" என்று உள்ளேயிருந்து அவள் கணவர் வந்து கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு ராத்திரி அவளுக்கு என்ன நடந்தது என்று நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் சந்தையில் பார்த்து விசாரித்தேன், ஒன்றும் நடக்கவில்லை என்றாள். அதை நம்புவதா வேண்டாமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சரி, அடுத்தது நான் செய்து கொடுத்த சத்தியம்.

மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றை நாங்கள் நடத்திக்கொண்டிருந்தோம். அங்கே வந்த ஒரு பெண்பிள்ளை, எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தவள், கொஞ்ச நாளாகவே கடைசி வரை உட்கார்ந்துகொண்டிருப்பாள், வீட்டுக்குப் போகவே மனசு இருக்காது. ஒரு நாள் எல்லோரும் போன பிறகு "அக்கா, ஒண்ணு சொல்லணும், யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கையை நீட்டினாள். நான் கையை வைத்துச் சத்தியம் செய்தேன். பிள்ளை பேசினால் போதும் என்றுதான் அந்த நேரம் தோன்றியது. அவள் சொன்னது வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஒரு உறவுக்காரரைப் பற்றி. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

போக்சோ சட்டம், 2012. குழந்தை மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும், 19-ஆம் பிரிவு. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. எனக்கு இது தெரியாமல் இல்லை, தெரிந்துகொண்டேதான் சத்தியம் செய்தேன். ராத்திரி முழுக்க விழித்திருந்தேன், சிறைக்குப் பயந்து இல்லை. சொன்னால் அந்தப் பிள்ளை இனி வாழ்க்கையில் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டாள், சொல்லாவிட்டால் அவள் நாளைக்கும் அதே வீட்டில்தான் தூங்க வேண்டும். விடியும்போது மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். மகளிர் காவல் நிலையத்துக்குத் தகவல் போனது, அவர்கள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவித்தார்கள், பிள்ளை பாதுகாப்பான இடத்துக்குப் போனாள். வாக்குமூலம் எடுக்கப் பெண் போலீஸ் சீருடை இல்லாமல்தான் வந்தார், சட்டமே அப்படித்தான் சொல்கிறது, அந்த மட்டில் எல்லாம் முறையாக நடந்தது.

அவளிடம் முன்கூட்டிச் சொல்லாமல் போனதுதான் நான் செய்த பெரிய பிழை. காலையில் நேரே அவளிடம் போய் "நான் சத்தியம் செய்திருக்கக் கூடாது, செய்துவிட்டேன், இப்போது இன்னாரிடம் சொல்லப் போகிறேன், ஏன் என்றால்…" என்று முகம் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள், அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பிறகு பல மாதம் நான் போனாலும் என் பக்கம் திரும்ப மாட்டாள். இப்போது அவள் வளர்ந்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள் என்று கேள்விப்படுகிறேன். என்னோடு பேசுவதில்லை. அதற்கு அவளுக்கு முழு உரிமை இருக்கிறது.

அன்றிலிருந்து எந்தக் குழந்தையாவது "யார்ட்டயும் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தால், அது மேலே பேசுவதற்கு முன்பு நான் சொல்வது இது: "நீ சொல்றதைச் சும்மா யார்கிட்டயும் பேச மாட்டேன். ஆனா உனக்கோ வேற பிள்ளைக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி பண்றவங்ககிட்ட நான் சொல்லியாகணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன். இதைக் கேட்ட பிறகும் பேசணும்னு தோணுதா?" இதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு போன பிள்ளைகள் உண்டு. ஒருத்தி இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். இன்னொருத்தி வரவில்லை, அவளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லிக் கொடுத்திருந்தேன், அவள் பள்ளிக்கூட டீச்சரிடம் சொல்லி அவள் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னேன், அவ்வளவுதான் முடிந்தது. பயிற்சிக்கு வருகிற எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) பிள்ளைகளிடம் இந்த நாலு வரியைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு குழந்தை கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது வார்த்தை தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஒக்கி புயல் பற்றி எழுத வேண்டுமா என்று யோசித்தேன். 2017 நவம்பர் 30. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று அந்தக் கரை முழுக்க ஆழ்கடலுக்குப் போனவர்களுக்காகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் எந்த ஊரில் இருந்தேன் என்று சொல்லவில்லை. உடல் கிடைத்த வீடுகள் இருந்தன, ஒன்றுமே கிடைக்காத வீடுகளும் இருந்தன. ஏழு ஆண்டு தகவல் இல்லாமல் இருந்தால்தான் ஒருவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பொதுவான சட்டம். அரசு அவ்வளவு காலம் காக்க வைக்காமல் காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கும் 20 லட்சம் நிவாரணம் கொடுக்க ஏற்பாடு செய்தது. நல்ல காரியம்தான். ஆனால் அதற்குக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு பெண் போட மாட்டேன் என்றாள். "அவரு கரை ஏறி வந்தா நான் என்ன பதில் சொல்ல?" வீட்டுக் கொடியில் அவருடைய சட்டை காய்ந்துகொண்டிருந்தது, அவளே துவைத்துப் போட்டது. கடன் இருந்தது, வட்டி ஏறிக்கொண்டிருந்தது, இரண்டு பிள்ளைகள். அவள் மறுப்பதைப் பார்த்து அவளுடைய மாமனார் வீட்டில் முணுமுணுப்பு ஆரம்பித்திருந்தது. நான் மூன்று நாள் தொடர்ந்து போனேன். கடனைச் சொன்னேன், பிள்ளைகளைச் சொன்னேன், அவள் அம்மாவை விட்டுப் பேசச் சொன்னேன். மூன்றாவது நாள் போட்டாள். அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர், "அந்த கேஸை முடிச்சுட்டீங்களே" என்றார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தோம். "கடன் அடைஞ்சு போச்சு, பிள்ளைய படிக்கு, எல்லாம் சரிதான் டீச்சர். ஆனா அன்னிக்கு நான் போடல்ல, நீங்க போட வச்சிட்டிய" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாயசம் வாங்கிக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

ஃபெலிக்ஸ் பியஸ்டெக் என்பவர் 1957-ல் வகுத்த ஏழு கொள்கைகளை நாங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். அதில் ஒன்று, உதவி தேடி வருகிறவர் தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை. பதினைந்து மதிப்பெண்ணுக்கு அழகாக எழுதியிருக்கிறேன். ஆனால் எதிரில் இருக்கிறவர் எடுக்கிற முடிவு தவறு என்று நமக்குத் தோன்றுகிற நேரத்தில்தான் அந்தக் கொள்கைக்கு வேலையே வருகிறது, நமக்குப் பிடித்த முடிவை அவர் எடுத்தால் அதற்கு ஒரு கொள்கை எதற்கு? நான் அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டியது தகவல்: கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும், அவர் திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டியிருக்கும், கொஞ்சம் தள்ளிப்போட்டால் என்ன இழப்பு, பணம் யார் பெயரில் வரும், அதை வேறு யாராவது கேட்க முடியுமா. இதையெல்லாம் கடலோரத் துக்கத்தில் இருக்கிற ஒருத்திக்குப் புரியும்படி, இரண்டு மூன்று தடவை, அவள் நம்புகிற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். நானோ காரணம் காரணமாக அடுக்கினேன், அதுவும் அவள் தூங்காத கண்ணோடு இருக்கும்போது. அவள் போட்டிருக்கலாம், போடாமலும் இருந்திருக்கலாம். அப்போது அது அவளுடைய கையெழுத்தாக இருந்திருக்கும்.

அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. உதவிப் பொருள் கொடுக்கும்போது படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள், அனுப்பினோம். அறிக்கையில் அந்தப் பெண்ணின் படத்தின் கீழே "விதவை" என்று போட்டிருந்தது. அவள் தாலியைக் கழற்றவே இல்லை. அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தது நான் இல்லை, ஆனால் அனுப்பும் முன் படித்தது நான். கண்ணில் படவில்லை. இப்போது ஒருவரைப் பற்றி எழுதினால் எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுகிறேன், படம் எடுப்பதற்கு முன் "இது எங்கே போகும், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றாலும் பொருள் கிடைக்கும்" என்று சொல்கிறேன். பொருளைக் கையில் கொடுத்துக்கொண்டே சம்மதம் கேட்பதில் அர்த்தம் இல்லை, அந்த இடத்தில் யாராலும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதனால் கேட்பது ஒரு நாள், கொடுப்பது வேறு நாள். குழந்தைகள் என்றால் முகம் தெரிகிற படமே கிடையாது.

அன்பளிப்பு பற்றிப் பல பேர் கேட்கிறார்கள். எதையும் வாங்காதே என்று எழுதி வைப்பது சுலபம். மடியில் இருந்து ஒரு பொதி நெத்திலிக் கருவாடு எடுத்து "கொண்டு போ மக்ளே" என்று ஒரு பாட்டி தரும்போது வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், "ஏன், எங்க வீட்டுது ஆகாதா?" என்று கேட்பார், அந்தக் கேள்விக்குப் பின்னால் இந்த மாவட்டத்தின் பெரிய கதை ஒன்று இருக்கிறது. யார் வீட்டில் தண்ணீர் குடித்தோம், யார் வீட்டில் குடிக்கவில்லை என்பது இங்கே எப்போதும் கணக்கில் இருந்தது. அதனால் கட்டன்சாயா தந்தால் குடிப்பேன், எல்லா வீட்டிலும் குடிப்பேன். மட்டிப்பழமோ சக்கையோ (பலா) மரச்சீனியோ (மரவள்ளிக்கிழங்கு) தந்தால் வாங்கி அலுவலகத்தில் எல்லோருக்கும் வைத்துவிடுவேன், யார் தந்தது என்று நோட்டில் எழுதிவைப்பேன். பயனாளிகள் பட்டியல் என் கையில் இருக்கும் மாதங்களில் மட்டும் எதுவும் கிடையாது, காரணத்தையும் முன்னாலேயே சொல்லிவிடுவேன்: "லிஸ்ட் முடியட்டும் பாட்டி, அப்புறம் நானே வந்து கேட்டு வாங்கித் திங்குறேன்." பாட்டிகளுக்கு அது புரிகிறது. பணம் எந்த மாதமும் கிடையாது. ஒரு தடவை ஒருவர் என் மகனுக்குக் காது குத்துக்கு என்று மோதிரம் கொண்டு வந்தார், திருப்பிக் கொடுத்தேன், இன்றுவரை அவர் வருத்தத்தில்தான் இருக்கிறார், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

பட்டியலில் சொந்தக்காரர் வந்தால் ஃபைலை வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள், நான் நேர்மையாகத்தான் பார்ப்பேன் என்ற நினைப்பே வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் கேஸ் பேசாதீர்கள், பெயரைச் சுருக்கிப் போட்டாலும் வேண்டாம்.

மதம் பற்றி ஒன்று. 1982-ல் மண்டைக்காடு மதக்கலவரம் நடந்த மாவட்டம் இது. என் பெயரைக் கேட்டதும் நான் எந்தப் பக்கம் என்று எதிரில் இருப்பவர் கணக்குப் போட்டுவிடுவார், அதை என்னால் தடுக்க முடியாது. ஒரு தாய் பிள்ளையின் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் "ஒரு ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டார், நான் கையைப் பிடித்துக்கொண்டு "நீங்க பண்ணுங்க, நான் கூட நிக்கிறேன்" என்றேன். என் நம்பிக்கை எனக்கு, அவருடையது அவருக்கு. உதவிக்கு வந்த இடத்தில் எதையும் கூடச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன், இதில் என் சக பணியாளர்கள் சிலரோடு எனக்குச் சண்டையே உண்டு.

இந்தியாவில் 1936-லேயே மும்பையில் சமூகப் பணிக் கல்வி தொடங்கிவிட்டது, சென்னையில் 1952-ல். 1997-ல் சமூகப் பணி ஆசிரியர்கள் கூடி ஒரு நெறிமுறைப் பிரகடனம் எழுதினார்கள். ஆனால் வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பது போல எங்கள் எல்லோருக்குமான சட்டபூர்வ கவுன்சில் வரவில்லை; 2021-ல் வந்த சட்டம் மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்களை மட்டும் சேர்த்துக்கொண்டது. அதாவது ஜீப்பால் வீட்டை விட்டுப் போன அந்த அக்கா என் மேல் புகார் கொடுக்க நினைத்திருந்தாலும் எங்கள் தொழிலில் அதைக் கேட்க ஒரு இடம் இல்லை. இது எனக்குப் பெரிய உறுத்தல். இப்போது நான் வேலை செய்கிற இடத்தில், எங்களைப் பற்றிக் குறை சொல்ல யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு எண்ணைத் தாளில் எழுதி முதல் நாளே கொடுக்கிறோம். அந்த எண் என்னுடையது இல்லை, என் மேலதிகாரியுடையதும் இல்லை, களத்துக்கே வராத வேறு ஒருவருடையது. வருடத்துக்கு மூன்று நான்கு அழைப்பு வரும். ஒன்று என்னைப் பற்றியும் வந்தது, நேரம் சொல்லிவிட்டு வராமல் இருந்தேன் என்று. உண்மைதான், போய் மன்னிப்புக் கேட்டேன்.

எல்லோரிடமும் முதல் நாள் பேசிக்கொள்கிற இன்னொரு ஒப்பந்தம் உண்டு. வெளியில் எங்காவது பார்த்தால் நான் முதலில் சிரிக்க மாட்டேன், வணக்கம் சொல்ல மாட்டேன். நீங்கள் பேசினால் பேசுவேன், பேசாவிட்டால் நாம் யாரோ எவரோ, அதை மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் நாகர்கோவிலில் இருந்து குளச்சல் பஸ்ஸில் ஏறினேன், நல்ல கூட்டம். திங்கள்சந்தைக்கு முன்னால் ஒரு இடம் காலியானது, நான் உட்கார்ந்த பிறகு பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தையல் வகுப்பில் சேர்ந்தாரே, அந்த அம்மா. எத்தனையோ வருடமாகத் தெரியும். மடியில் துணிக்கடைப் பை, கூட மருமகள் போலிருக்கிறது, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற குரலில், "இந்த பஸ் திங்கள்சந்தை வழியாட்டு போவுமா?" என்றார்.

"போவும்" என்றேன்.

"செரி" என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.